லூர்த்தம்மா வைத்த ஆணை

காலை ஏழே முக்காலுக்குச் செந்தூரன் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது அந்தப் படம் வந்தது. யாழ்ப்பாண மாநகரசபைத் தேர்தலுக்கு இன்னும் ஆறு நாள். சுயேச்சைக் குழுவில் நிற்கும் சிவரூபன் சேருடைய பேஸ்புக் பக்கத்தை நடத்துகிறவன் அவன். விடிந்ததும் எதிராளிகள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதும் அவன் வேலைதான். அன்றைக்கு அவர்கள் எழுதியிருந்தது அவனைப் பற்றி.

‘கரையோரக் கண்’ என்றொரு பக்கம். யார் நடத்துகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. அதில் எட்டு வருசத்துப் பழைய பதிவொன்றைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். எழுதியவர் பெயர் ‘கூர்வேல் குமரன்’. எழுதியிருந்தது இதுதான்: “மீன் படவேணுமெண்டு மாதா சுருவத்தை வள்ளத்திலை ஏத்திக் கடல் சுத்தினமாம். ஏன் வீணாய்ச் சுத்துவான்? தூண்டிலிலை கொழுவி இறக்குங்கோ. மீன் தானாய் வந்து கடிக்கும்.”

அதற்கு மேலே பக்கத்துக்காரர்களின் குறிப்பு: “இதை எழுதியவர் இன்று சிவரூபனின் அலுவலகத்தில் கதிரை போட்டு இருக்கிறார். கொழும்புத்துறையில் மாதாவின் பிள்ளைகளிடமே வீடு வீடாய்ப் போய் வாக்குக் கேட்கிறார். அசல் பதிவு இன்னும் அழியாமல் கிடக்கிறது, இணைப்பைத் தட்டிப் பாருங்கள். ஆளின் பெயரும் படமும் இன்று மாலை ஐந்து மணிக்கு.”

செந்தூரன் வாய் கொப்புளிக்க மறந்து நின்றான். கூர்வேல் குமரன் அவன்தான்.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருமட்டும் சுன்னாகத்து வீட்டில் கட்டிலில் கிடந்து போனைத் தடவிய காலம். கோயில் திருவிழாவும் தேவாலயத் திருநாளும் ஒரே கிழமையில் வந்து, யாருடைய ஒலிபெருக்கி பெரிது என்று ஒரு பேஸ்புக் குழுவில் இரண்டு பக்கமும் மல்லுக்கட்டியது. இவனும் போய் விழுந்தான். மாதாவின் சிலையை வள்ளத்தில் ஏற்றிப்போன கொழும்புத்துறைக் கடலை அதுவரை அவன் கண்ணால் கண்டதில்லை. கத்தோலிக்கர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பத்தொன்பது வயது வாய்க்குக் கடிவாளம் இல்லை, புனைபெயரும் இருந்தால் சொல்லவா வேண்டும்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்கு பேஸ்புக் இருந்திருந்தால் இன்னும் கெதியாய்க் கெட்டிருக்கும்.

எழுதினான், நாலு பேர் சிரித்தார்கள், பல்கலைக்கழகம் கிடைத்தது, புதுக் கணக்குத் தொடங்கினான், மறந்துபோனான். எழுதுகிறவனுக்கு மறதி சுகம். வாசித்தவர்களுக்கு அப்படியில்லை.

அவன் பயந்தது சிவரூபன் சேரை நினைத்து அல்ல, வாக்கை நினைத்தும் அல்ல. லூர்த்தம்மாவை நினைத்துத்தான்.

கொழும்புத்துறைக் கரையோர ஒழுங்கைகளில் வெளியாள் நீட்டும் துண்டுப்பிரசுரத்தை யாரும் வாங்கமாட்டார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி முன்னால் நடந்துபோய்ப் படலையைத் திறந்து, “எங்கடை ஆக்கள்” என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு கதிரை வரும், தேத்தண்ணி வரும், பேச்சு வரும். முன்னால் நடக்கிறவர்தான் பின்னால் வருகிறவனுக்குப் பொறுப்பு. அவன் கள்ளனாய்ப் போனால் அவரும் கள்ளி. ஊருக்கு ஊர் ஒரு சட்டம், அங்கே அதுதான் சட்டம்.

செந்தூரனுக்கும் அவனோடு போன பெடியன்களுக்கும் முன்னால் நடந்தவர் லூர்த்தம்மா. அறுபது வயது, கடற்றொழிலாளி கிறகோரியின் விதவை. ஒரே மகன் பிரகாஸ் ஆறு வருசத்துக்கு முன் வள்ளம் கவிழ்ந்து கடலோடு போய்விட்டான். அந்தப் பிரகாஸுக்கு ஒருகாலத்தில் சிவரூபன் சேர் கணிதம் படிப்பித்தார் என்ற ஒரு நன்றிக்காகவே லூர்த்தம்மா மூன்று கிழமையாய் வெயிலில் நடந்தார். அறுபத்திரண்டு வீடு. மத்தியானமானால் செந்தூரனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடுவார். வெள்ளிக்கிழமை என்றால் மீன் வாடை படாத புதுச் சட்டி ஒன்றில் அவனுக்கென்று கத்தரிக்காயும் பருப்பும் தனியாய்ச் சமைப்பார். “சைவப் பெடியன், விரதத்தைக் குழப்பக்கூடாது” என்பார். அந்தச் சோற்றை உண்ட வாய் எழுதிய எழுத்துத்தான் இப்போது யாழ்ப்பாணம் முழுக்கத் திரிந்தது.

ஒன்பது மணிக்கு அவன் நகரத்து அலுவலகத்தின் படியேறினான். புடவைக்கடைக்கு மேல்மாடி. அலுவலகத்தை நடத்துகிற தயாளினி அக்கா இரண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அவனைக் கண்டதும் இரண்டையும் கீழே வைத்தார்.

“ஆரடா உவன் கூர்வேல் குமரன்? கண்டுபிடிச்சியோ?”

“நான்தான் அக்கா.”

தயாளினி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். பகிடி விடுகிறானோ என்று பார்த்திருக்கவேண்டும். பிறகு உள் அறைக் கதவைத் தட்டி, “சேர், ஒருக்கா வாங்கோ” என்றார். குரலில் சூடு ஒன்றும் இல்லை. செந்தூரனுக்கு அதுதான் கூடப் பயமாய் இருந்தது.

சிவரூபன் சேர் முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீர் வந்து சேரேக்கை நான் கேட்டனான், பழைய குப்பை ஏதும் கிடக்கோ எண்டு.”

“மறந்துபோனன் சேர். சத்தியமா மறந்துபோனன்.”

“உம்மடை மறதியிலை என்ரை முப்பது வருசப் பேர் போகப்போகுது” என்றார் சேர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் செந்தூரனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தயாளினி அக்கா யோசனையில் கெட்டிக்காரி. “அழுது கொண்டிருக்க நேரமில்லை. அசல் பதிவு கிடக்கிறதாலைதான் சனம் நம்புது. அதை ஐஞ்சு மணிக்கு முதல் அழி. அழிச்சால், படம் பொய்யாச் செய்தது எண்டு நாங்கள் ஒரு அறிக்கை விடலாம். இணைப்பைத் தட்டுறவனுக்கு ஒண்டும் வராது. பிறகு அவங்கள் உன்ரை படத்தைப் போட்டாலும் கதை எடுபடாது.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் அந்த நேரத்தில் செந்தூரனுக்கு அது கடவுள் வாக்காகத்தான் கேட்டது. சேர் உள்ளே போய் இரண்டு கடிதம் தட்டச்சு செய்தார். ஒன்று, படம் போலியானது என்று. மற்றது, குறித்த நபர் எமது அணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று. கணித வாத்தியார், எந்த விடை வந்தாலும் செய்கைவழி ஆயத்தமாய் வைத்திருப்பார்.

அழிப்பதென்றால் அந்தப் பழைய கணக்குக்குள் போகவேண்டும். பாஸ்வேர்ட் எட்டு வருசத்துக்கு முன் மறந்தது. புதிது எடுப்பதென்றால் கணக்குத் தொடங்கிய நம்பருக்கு ஓர் இலக்கம் வரும். செந்தூரன் நம்பரைப் பார்த்தான். அது கனடாவில் இருக்கிற தம்பிராசா மாமாவின் நம்பர். தன் பழைய போனைத் தன் நம்பரிலேயே கணக்கெல்லாம் திறந்து பார்சலில் அனுப்பிய புண்ணியவான் அவர். யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் பாதிப்பேரின் பேஸ்புக்கின் வேர் இப்படித்தான் ரொறொன்ரோவில் கிடக்கிறது.

மாமாவுக்கு அங்கே தொழிற்சாலையில் இரவு வேலை, போன் லொக்கருக்குள். செந்தூரன் பதினேழு தரம் அழைப்பு எடுத்தான். இடையிடையே கரையோரக் கண்ணைத் திறந்து பார்த்தான். காலையில் நூறாய் இருந்த பகிர்வு அறுநூறாகியிருந்தது. “இவன்ரை கையை முறிக்கவேணும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். “படம் வரட்டும், பிறகு பாப்பம்” என்று இன்னொருவர். வாசித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். படியில் யாராவது ஏறுகிற சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தான். பக்கத்து அறைத் தையற்காரரைத் தேடி வந்தவர்கள்.

ஒன்றரை மணிக்கு மாமா திருப்பி எடுத்தார்.

“ஆருக்கு என்ன? கொம்மாவுக்கு ஏதுமோ? சொல்லு!”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை மாமா. உங்கடை போனுக்கு ஆறு இலக்கம் ஒண்டு வரும். அதை ஒருக்காச் சொல்லுங்கோ.”

“பதினேழு தரம் அடிச்சது உதுக்கோ? நான் ஆரோ செத்திட்டினம் எண்டு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு ஓடிவாறன். என்னத்துக்கடா இலக்கம்?”

சொல்லாமல் இலக்கம் வராது என்று தெரிந்தது. சொன்னான். மறுபக்கத்தில் பெரிய சிரிப்பு.

“உதோ? உது நல்லாத்தானே எழுதினனி! நானும் அப்ப பாத்துச் சிரிச்சனான். ஏன் அழிப்பான்? விடு மருமோன், பயப்பிடாதை, நாங்கள் இருக்கிறம்.”

எட்டு வருசத்துக்கு முன் அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் செந்தூரன் ஒரு சாண் உயர்ந்திருப்பான். இன்றைக்கு அது அவனுக்கு அருவருப்பாய் இருந்தது. தன்னை ஏசிப் பேசுகிறவர்களைவிடத் தன்னை மெச்சுகிற இந்த ஒருவர் தன்னைக் கேவலமாக்குகிறார் என்று பட்டது. ஆனால் இலக்கம் வேண்டுமே. கெஞ்சினான். முதல் இலக்கம் நேரம் கடந்துபோயிற்று. இரண்டாவதை மாமா மாறி வாசித்தார். மூன்றாவது பிடித்தது. இரண்டரைக்குக் கூர்வேல் குமரனின் வீட்டுக் கதவு திறந்தது.

பதிவைத் தேடிப் பிடித்தான். ஓரத்து மூன்று புள்ளியைத் தொட்டான். ‘நீக்கு’ என்று வந்தது. தொட்டான். ‘உறுதியாக நீக்கவா?’ என்று கேட்டது. பெருவிரலைத் தூக்கியபோது போன் அடித்தது. திரையில் லூர்த்தம்மா அன்ரி என்று பெயர்.

எடுக்காமல் விட அவனுக்குத் தைரியம் இல்லை.

“தம்பி, நீ ஒண்டுக்கும் யோசியாதை” என்று தொடங்கினார் அவர். “விடியத் தொடக்கம் எங்கடை ஒழுங்கையிலை உந்தக் கதைதான். மத்தியானம் மாதர் சங்கத்து ஆக்கள் வீட்டுக்கே வந்திட்டினம். நீர் கூட்டிக்கொண்டு திரிஞ்ச பெடியளிலை ஒருத்தனோ எண்டு கேக்கினம். எனக்கு வந்த கோவம்! வாங்கோ எல்லாரும் எண்டு ஒழுங்கை முடக்கிலை சுருவம் இருக்கிற மாதா கெபிக்குக் கூட்டிக்கொண்டு போனன். எரியிற திரிக்கு மேலை கையை நீட்டி மாதாவிலை ஆணையிட்டுச் சொல்லிப்போட்டன், என்ரை பெடியளிலை அப்பிடி ஒருத்தனும் இல்லையெண்டு. வந்தவை வாய் பொத்திக்கொண்டு போட்டினம்.”

செந்தூரன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையிலிருந்த பெயரைப் பார்த்தான்.

“என்ன சத்தமில்லை? நாலு மணிக்கு வா. கடைசி ஒழுங்கை மிச்சம் கிடக்கு. அதையும் முடிச்சிடுவம்.”

“ஓம் அன்ரி.”

போன் அணைந்ததும் பழையபடி அந்தக் கேள்வி திரையில் வந்து நின்றது. உறுதியாக நீக்கவா?

இப்போது அழித்தால் எல்லாம் சரி. ஊர் நம்பும், சேரின் முதலாவது கடிதம் போகும், லூர்த்தம்மாவின் ஆணையும் ஊருக்கு முன்னால் மெய்யாய் நிற்கும். அவர் சாகுமட்டும் அறியமாட்டார். ஆனால் அது பொய்யாணை. செந்தூரன் கடவுள் விசயத்தில் பெரிய பக்தன் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கற்பூரம் கொளுத்திப் பொய்ச்சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்று கேட்டு வளர்ந்தவன். இருந்த ஒரு பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்த மனுசி, தனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே துணையின் முன்னால், நெருப்பில் கை நீட்டி, இவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். பொய் என்று தெரியாமல். அதை அப்படியே விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை போய்க் கத்தரிக்காய்க் கறி உண்ண முடியுமா? அவனால் முடியாது என்று அவனுக்கே தெரிந்தபோது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. முடிகிறவனாய் இருந்திருந்தால் எவ்வளவு சுகம்.

“அழிச்சிட்டியோ?” என்றார் தயாளினி அக்கா.

“ஒருக்காக் கொழும்புத்துறைக்குப் போட்டு வாறன் அக்கா.”

“விசரே உனக்கு? இப்ப போனால் அடி வாங்குவாய்!”

அவன் படியில் இறங்கிவிட்டான். கொழும்புத்துறை வீதி முழுக்க மதில்களில் சிவரூபன் சேர் கைகூப்பிக்கொண்டு நின்றார். பாதிச் சுவரொட்டி அவனே ஒட்டியது. சந்தியில் கூடி நின்ற நாலு பேர் போனைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தது போல இருந்தது. பார்த்தார்களோ, பயத்தில் தோன்றியதோ. மோட்டார்சைக்கிளை நிறுத்தாமல் ஓட்டினான். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தான். ‘அன்ரி, ஒரு விசயம்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மூன்று நாற்பதுக்குப் படலையைத் திறந்தான். லூர்த்தம்மா வெளிக்கிட்டு ஆயத்தமாய், துண்டுப்பிரசுரங்களை மடித்து அடுக்கிக்கொண்டு இருந்தார்.

“வெள்ளன வந்திட்டாய். இரு, தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்.”

“அன்ரி, அதை எழுதினது நான்.”

“எதை?”

“உந்தத் தூண்டில் கதையை. நான்தான் எழுதினனான். பத்தொன்பது வயசிலை. எனக்கு மறந்தே போச்சு. நீங்கள் ஆணை வைச்சிட்டியள் எண்டு கேட்டாப்போலை எனக்கு இருக்கேலாமல் போச்சுது.”

லூர்த்தம்மா கையிலிருந்த கடதாசியை மடித்து முடித்தார். அடுக்கில் வைத்தார். பிறகு கதிரையில் மெல்ல இருந்தார்.

“வாசி” என்றார்.

“என்ன அன்ரி?”

“ஆக்கள் சொல்லத்தான் கேட்டனான். நீ எழுதினதை நீயே வாசி.”

பெருவிரலால் எழுதுவது வேறு, எழுதியதை ஒருவரின் முகத்துக்கு நேரே வாயால் சொல்வது வேறு என்று செந்தூரனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாதா என்ற சொல்லை எப்படியோ தாண்டினான். தூண்டிலில் வந்து நாக்குப் புரளவில்லை. லூர்த்தம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவன் வாசித்து முடித்தான்.

“அந்த வருசம் எட்டு மாசம் மீன் படேல்லை” என்றார் லூர்த்தம்மா. “பிள்ளையள் வெறும் வயித்தோடை பள்ளிக்கூடம் போன வருசம். மனுசராலை ஏலாமல் போய்த்தான் மாதாவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். நீ எங்கை இருந்தனி?”

“சுன்னாகத்திலை. வீட்டிலை.”

“கொப்பர் என்ன செய்யிறவர்?”

“அப்பா தோட்டத்திலை வெங்காயம் வைக்கிறவர்.”

“மழை பிழைச்சால் கோயிலுக்குப் போறேல்லையோ?”

“போறவர் அன்ரி. பொங்கல் வைக்கிறவர்.”

“அதைப் பாத்து நாங்கள் ஆராவது, உங்கடை பிள்ளையாரை வெங்காயப் பாத்தியிலை தாட்டு வையுங்கோ, முளைக்கும் எண்டு எழுதினனாங்களோ?”

அவன் தலையைக் குனிந்தான்.

“அது போகட்டும். சின்ன வயசு எண்டு விடலாம். இண்டைக்கு என்னைப் பொய்காரி ஆக்கிப்போட்டியே. அவவுக்கு முன்னாலை. நான் இனி எந்த முகத்தோடை அங்கை போய் நிக்கிறது?” அவர் குரல் உடைந்தது. பிறகு அவன் கையிலிருந்த போனைச் சுட்டினார். “உதுக்குக் கீழை மஞ்சள் மஞ்சளாய்க் கிடக்கிறது என்ன?”

“சிரிச்ச ஆக்கள் அன்ரி.”

“எத்தினை பேர்?”

“நாப்பத்தொண்டு.”

“பேரை வாசி. ஆர் ஆர் சிரிச்சினம் எண்டு நானும் அறியவேணும்.”

வாசித்தான். முதல் பெயரே தம்பிராசா. “அது ஆர்?” என்றார். “என்ரை மாமா” என்றான். பிறகு சில புனைபெயர்கள், அவனோடு படித்த இரண்டு பேர், முன்பின் தெரியாத பலர். லூர்த்தம்மா ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டிக் கேட்டார். இருபது தாண்டியது. அடுத்த பெயரில் கண் பட்டதும் செந்தூரனின் வாய் நின்றுபோயிற்று.

“ஏன் நிப்பாட்டினனி?”

“காணும் அன்ரி. விடுங்கோ.”

“வாசி.”

“பிரகாஸ் கிறகோரி.”

ஒழுங்கையில் வேறு யாரோ வேட்பாளரின் ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு போயிற்று. அது போய் முடியுமட்டும் லூர்த்தம்மா அசையவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். போனை வாங்கினார். கறுப்புக் கண்ணாடி போட்டு, வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் காலைத் தூக்கி வைத்து நிற்கிற ஒரு பெடியனின் சின்னஞ்சிறிய படம். அதன் ஓரத்தில் சிரிக்கிற மஞ்சள் முகம்.

“உந்தச் சிரிப்பு அவன் வைச்சதோ?”

“ஓம் அன்ரி.”

“தானாய் வருமோ, கையாலை வைக்கவேணுமோ?”

“கையாலைதான் வைக்கவேணும்.”

“அண்டைக்குச் சுருவத்தை ஏத்தினது எங்கடை வள்ளம்” என்றார் அவர், போனைப் பார்த்தபடி. “அணியத்திலை நிண்டு அவவை விழாமல் பிடிச்சுக்கொண்டு போனவன் அவன். வந்து நனைஞ்ச உடுப்போடை, எனக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிண்டு செபமாலை சொன்னவன். பிறகு போய் உதுக்குச் சிரிச்சிருக்கிறான். கள்ளன். எனக்குத் தெரியாமல் சிரிச்சிருக்கிறான்.” அவர் வாய் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று செந்தூரனுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான்.

அவனுக்குள் ஒரு சின்ன ஆறுதல் தலைகாட்டியது. மறைப்பானேன், காட்டியது. லூர்த்தம்மா அதை முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“என்ரை பிள்ளையும் சிரிச்சவன்தானே எண்டு நினையாதை. அவன் சிரிக்கலாம். அவன்ரை மாதா, அவன்ரை வள்ளம். தோளிலை தூக்கினவன் பகிடியும் விடுவான். உனக்கு அவ ஆர்?”

போன் அவர் கையிலேயே அடித்தது. செந்தூரன் வாங்கிக் காதில் வைக்குமுன்னரே தயாளினி அக்காவின் குரல் வெளியே கேட்டது. “நாலரையாகுது! அழிச்சியோ இல்லையோ?”

அவன் அணைத்தான். “அன்ரி, நான்தான் எழுதினனான் எண்டு நானே சொல்லுறன். பொய் சொல்லமாட்டன். ஆனா இது இனி அங்கை கிடக்கக்கூடாது, அழிச்சுவிடுறன்.” மூன்று புள்ளியைத் தொட்டான்.

“அழிச்சால் அவன் சிரிச்சது?”

“அதுவும் சேர்ந்து போயிடும்.”

லூர்த்தம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வலையிழுத்த கை, நொந்தது.

“தொடாதை.”

“அன்ரி, நான் அதை அப்பிடியே படமாய் எடுத்து, பெருப்பிச்சு, கடதாசியிலை அடிச்சுத் தாறன்.”

“கடதாசியிலை வேண்டாம். அவன் வைச்ச இடத்திலை கிடக்கட்டும்.”

“அது கிடக்குமட்டும் ஆக்கள் வந்து வந்து பாத்து என்னைப் பேசுவினம், அன்ரி. நாளைக்கு ஒரு வேலைக்குப் போனாலும் உதைத்தான் காட்டுவினம்.”

“பேசட்டும். காட்டட்டும்.”

அவர் எழுந்து செருப்பைப் போட்டார். துண்டுப்பிரசுரங்கள் கதிரையிலேயே கிடந்தன. “நான் போய் அவவிட்டை ஆணையைத் திருப்பி எடுக்கவேணும். பிறகு கூட்டிக்கொண்டு போன அறுபத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லவேணும், நான் சொன்னது பிழை எண்டு.”

“நானும் வாறன் அன்ரி. நானே சொல்லுறன்.”

“நீ வராதை. இனி இந்தப் படலையைத் திறவாதை.” சொல்லிவிட்டு அவரே படலையைத் திறந்து அவனை வெளியே விட்டார். ஒழுங்கையில் நாலு அடி நடந்து திரும்பினார். “தம்பி, உதை மட்டும் அழிச்சுப்போடாதை.” பிறகு கெபிப் பக்கம் நடந்தார். இந்த முறை அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

செந்தூரன் மோட்டார்சைக்கிளில் ஏறவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றான். நாலு ஐம்பத்தொன்றுக்குத் தயாளினி அக்கா மறுபடி எடுத்தார்.

“சேர் கேக்கிறார், எந்தக் கடிதம்?”

“ரெண்டாவது.”

“அழிக்கேல்லையோ?”

“அழிக்கமாட்டன் அக்கா.”

“ஏன்ரா? ஒரு விரலாலை அமத்திற வேலை!”

“அதிலை லூர்த்தம்மாவின்ரை மகன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான்.”

தயாளினி அக்காவுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. “உனக்கு முத்திப்போச்சு” என்று சொல்லிப் போனை வைத்தார். அவனை அணியிலிருந்து நீக்கியதாகச் சொல்லும் கடிதம் இரண்டு நிமிடத்தில் சேருடைய பக்கத்தில் வந்தது. அந்தப் பக்கத்தை அதுவரை நடத்தியவன் அவன்தான்.

ஐந்துக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. கூர்வேல் குமரனின் பதிவைத் திறந்தான். அதை அழிக்காமல் அதன் கீழே தட்டத் தொடங்கினான். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன, திருத்தித் திருத்தி எழுதினான். “இதை எழுதியது நான். பெயர் செந்தூரன் சிவசுப்பிரமணியம், ஊர் சுன்னாகம். இது போலி இல்லை. என்னைத் தன் ஊருக்குள் கூட்டிப்போன அம்மாவுக்கு இது தெரியாது. அவர் வைத்த ஆணையில் பொய் என்னுடையது.” ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தான். பிறகு அனுப்பினான்.